பாவாயி அம்மாளிடம் கேட்ட அரை மணி

போன மாதம் உங்கள் விண்ணியல் பயிற்சி வகுப்புக்கு என்னை விருந்தினராக அழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தால் சளி பிடிக்கும் என்று நான் இரண்டு முறை இடம் மாறினேன். இடைஞ்சலாக இருந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று உங்கள் ஆசிரியர் சொன்ன கதையில் வரும் இளைஞன் நான்தான். பலூனில் பறந்த எக்ஸ் கதிர்க் கருவி, துடிக்கும் ஒரு விண்மீன், அந்தத் துடிப்பையே சந்தேகப்பட்டு ஒரு கோழிப்பண்ணையின் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்த இளைஞன். "இதுதான் விஞ்ஞான மனம்" என்று அவர் முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர். தட்டாத ஒருத்தி இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "அதற்கெல்லாம் அப்போது நேரம் ஏதம்மா" என்று ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேநீர் குடித்தேன், சால்வையை வாங்கிக்கொண்டேன், பேருந்து ஏறிவிட்டேன். சால்வையைப் பீரோவில் வைக்கவும் மனமில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனமில்லை. நாற்காலி முதுகிலேயே கிடக்கிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று முன்பு கண்டுபிடித்திருந்த ஒரு நியூட்ரான் விண்மீன் சில ஆண்டுகளாக அடங்கிக் கிடந்தது. எரிந்து முடிந்து, ஒரு நகரத்தின் அகலத்துக்குச் சுருங்கிப்போன நட்சத்திரம். பக்கத்துத் துணை நட்சத்திரம் உதறுகிற வாயு அதன் மேல் வந்து விழும்போது மட்டும் எக்ஸ் கதிராகச் சீறும். சில வாரங்களில் அணைந்துவிடும். அடுத்த சீற்றம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அது மறுபடி சீற ஆரம்பித்துவிட்டது என்று தந்தி வந்த அன்று எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பலூன்.

எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால்தான் பலூன். ஆத்தூர்ப் பக்கம் தற்காலிகமாக ஓர் ஏவுதளம் போட்டிருந்தோம். கோடையில் பலூன் ஏறும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகும். பலூனும் அதோடு போகும். கருவி எண்ணுவதெல்லாம் வானொலிக் குறியாகக் கீழே வரும். ஆனால் பலூன் மேற்கே நகர நகரப் போதமலை குறுக்கே வந்து ஏவுதளத்துக்குக் குறி சரியாக எட்டாது. ஆகவே மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு வண்டியில் வாங்கும் கருவிகளை வைத்துக்கொண்டு காத்திருப்பது, அங்கிருந்தே கட்டளைகளும் அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் சேலத்துக்காரன், பேச்சுப் பழக்கம் உண்டு என்று என்னை அனுப்பினார்கள். எதையும் எண்ணுகிறவன் என்பதும் ஒரு காரணம். சிறுவயதில் பூசை நேரத்தில் பூசாரி எத்தனை முறை இருமினார் என்று எண்ணிச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியவன் நான்.

வண்டியை நிறுத்த நான் தேர்ந்தெடுத்த இடம், சாலையோரத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். மேடு, நிழல், கிணறு, மும்முனை மின்சாரம் எல்லாம் இருந்தன. முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தவன், அந்த மின்சாரத்தில் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை. இடம் பார்க்கப் போகும் உங்களில் யாரும் இதைச் செய்யாதீர்கள். ஆனால் நான் வெட்கப்படுவது இதற்காக இல்லை.

பொரிப்பகத்தை நடத்தியவர் பாவாயி அம்மாள். நாற்பதை நெருங்கும் வயது. கணவர் ஆழ்குழாய் தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். கொழுந்தன் செங்கோட்டுவேல் கூட இருந்தார். மரத்தடி நிழலுக்கு வாடகை என்று நான் பேச்செடுத்ததும், "ஒறம்பரை வந்தாக் காசு வாங்குவாங்களா?" என்று அந்த அம்மாள் என்னை விருந்தாளியாக்கிப் பேச்சை முடித்துவிட்டார். தினமும் கம்பங்கூழும் மோரும் வந்தன.

"ஏனுங்க சாமி, பட்டப்பகல்ல நட்சத்திரம் பாக்கறதுக்கா இத்தனை சாமான்?" என்று பலூன் ஏறுவதற்கு முந்தின நாள் பாவாயி அம்மாள் கேட்டார்.

"பாக்கறதில்லைங்க. அதுல இருந்து வர்றதை எண்ணறதுங்க."

"எண்ணி?"

"அது சும்மா கெடக்குமுங்க. திடீர்னு ஒரு நாளைக்குச் சீறும். அப்புறம் அடங்கிரும். ஏன்னு தெரிஞ்சுக்கோணும்."

"எங்க மாமியாளாட்டம்னு சொல்லுங்க."

"அண்ணி, அம்மா காதுல உளுந்துச்சுன்னா இன்னிக்கே சீறும்" என்றார் செங்கோட்டுவேல்.

அன்று சாயங்காலம் என்னை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஆள் உயர மரப்பெட்டிகள். ஓடும் காத்தாடிகள். தட்டுத் தட்டாக நாலாயிரத்துச் சொச்சம் முட்டைகள். ஒரே தடவையில் பொரிக்க வைத்த அவர்களுடைய முதல் பெரிய ஈடு அதுதான். சுற்று வட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் பாவாயி அம்மாளின் வார்த்தையை நம்பிக் கொட்டகை போட்டுக் காத்திருந்தார்கள். குஞ்சு சரியாகப் பொரிந்தால் அவர்கள் இனி வேறு எங்கும் போகமாட்டார்கள். பொரியாவிட்டால் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பாவாயி அம்மாள் ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். உள்ளே இருந்து ஓட்டைத் தட்டும் சத்தம், நடுநடுவே மெல்லிய ஒரு கீச்சு.

"நாளான்னிக்கு வெளிய வந்துருமுங்க."

நான் தட்டல்களை எண்ண ஆரம்பித்திருந்தேன். பதினொன்று வரை எண்ணியதும் அவர் சிரித்துக்கொண்டே முட்டையை வாங்கி வைத்தார்.

"கரண்டு போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். வெறும் பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"கதவைத் தொறந்துபோட்டு மொறத்துல வீசுவோமுங்க. பொரியப் போற நாள்ல சூடு பத்தாமப் போறதில்லைங்க. குஞ்சே உள்ள சூடு கக்கும். காத்தாடி நின்னுபோச்சுன்னா மூச்சு முட்டி வெந்துரும். அரை மணி தாங்கும். அதுக்கு மேலன்னா நம்ம கையில இல்லீங்க. ஜெனரேட்டருக்குச் சொல்லிருக்குது, இன்னும் வந்து சேரல."

இதை நான் தெரிந்துதான் வைத்திருந்தேன். இதை மட்டும் மறக்காமல் மேலே படியுங்கள்.

அன்று மரத்தடிக் கட்டிலில் படுத்திருந்தபோது இன்னொன்றையும் எண்ணினேன். பொரிக்கும் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தானாக விழுந்து எழும். ஒவ்வொரு முறையும் 'க்ளிக்' என்று வெளியே கேட்கும். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒரு க்ளிக். தூக்கம் வரும்வரை எண்ணினேன்.

மறுநாள் காலை பலூன் ஏறியது. வானம் சுத்தமாக இருந்தது. வண்டிக்குள் நானும் ஒரு டெக்னீஷியனும் மட்டும். விண்மீன் உச்சிப்பொழுதை ஒட்டித் தலைக்கு மேல் வரும், ஒன்றரை மணி நேரம் கருவியின் பார்வையில் நிற்கும், பிறகு சரிந்துவிடும். நேரம் வந்ததும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த பேனா மேலே ஏறியது. சீற்றம் உண்மைதான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பேனா ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கான துடிப்பு. டெக்னீஷியன் என் தோளில் அடித்துக் கூவினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

முந்தின இரவு கட்டிலில் படுத்து நான் எண்ணிய அதே இடைவெளி. சுவிட்ச் விழும்போது தெறிக்கும் பொறியின் இரைச்சல் எங்கள் வானொலியில் புகுந்தால், அதையும் கருவி எண்ணியதாகவே பேனா எழுதும். வயர்லெஸ்ஸில் ஏவுதளத்தில் இருந்த எங்கள் தலைவரிடம் சொன்னேன்.

"என்னப்பா அது, நட்சத்திரமா, உன் கோழியா?"

"தெரியலை சார்."

"கருவியைத் திருப்பி வெறும் வானத்தைப் பாரு. துடிப்பு நின்னுதுன்னா நட்சத்திரம். நிக்கலைன்னா கோழி." கொஞ்சம் நிறுத்தினார். "போன தடவை திருப்பினப்போ மோட்டார் மாட்டிக்கிட்டுது, ஞாபகம் இருக்கில்ல? திரும்பி வரலைன்னா அவ்வளவுதான். நீ அங்க இருக்கே. நீயே முடிவு பண்ணு."

திருப்பினால் விண்மீனை இழக்கலாம். திருப்பாவிட்டால் சந்தேகம் தீராது. நான் வண்டியிலிருந்து குதித்துப் பொரிப்பகத்துக்கு ஓடினேன்.

"அம்மா, கரண்டை நிறுத்தோணுமுங்க. அரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆகாது."

பாவாயி அம்மாள் பெட்டிகளைப் பார்த்தார். "மொத ஈடுங்க, சாமி."

"தெரியுமுங்க."

"காத்தாடி மட்டுமாச்சும் ஓடட்டுங்களா?"

"எதுல பொறி தெறிக்குதுன்னு தெரியலைங்க. மொத்தமும் நிக்கோணும்."

"எப்பிடியும் கரண்டு போனாத் தாங்கறோமில்ல, அண்ணி" என்றார் செங்கோட்டுவேல்.

"அது எப்ப வருமுன்னு தெரியாம வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கறது. இவரு நேரஞ் சொல்லிக் கேக்கறாரு. நிறுத்து."

செங்கோட்டுவேல் மெயினை இழுத்தார். காத்தாடிகள் ஓய்ந்தன. அங்கே வேலைக்கு இருந்த பெண்கள் கதவுகளைத் திறந்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் வண்டிக்கு ஓடினேன். மெயின் நின்றதும் எங்கள் கருவிகள் வண்டியின் பேட்டரிக்கு மாறியிருந்தன.

பேனா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, க்ளிக் இல்லை, ஆனால் துடிப்பு இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது துடிப்போடு எனக்குச் சந்தேகமே இல்லை. வயர்லெஸ்ஸில் சொன்னேன். தலைவர் அங்கே என்ன கத்தினார் என்பது இரைச்சலில் புரியவில்லை, சந்தோஷம் மட்டும் புரிந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மின்சாரம் நின்று கால் மணிகூட ஆகவில்லை.

உங்கள் ஆசிரியர் கதையை இந்த இடத்தில் முடித்தார். எல்லோரும் இங்கேதான் முடிக்கிறார்கள்.

நான் ஆள் அனுப்பி மெயினைப் போடச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கட்டுரை எழுதும்போது வெளிநாட்டில் படிக்கிறவன் கேட்பானே என்று யோசித்தேன். பாதிப் பதிவு மின்சாரத்தோடு, பாதி மின்சாரம் இல்லாமலா என்று கேட்பானே. முழுப் பதிவும் மாசில்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அப்படி ஒரு பதிவு நம் நாட்டில் யாரிடமும் இல்லை.

செங்கோட்டுவேல் வண்டி வாசலில் வந்து நின்றார். "அரை மணி ஆச்சுங்க. போட்டுறலாமுங்களா?"

"சித்த நேரமுங்க" என்றேன். கண் பேனாவில் இருந்தது.

மறுபடி வந்தார். "உள்ள வேகுதுங்க சார். அண்ணி கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"இன்னுங் கொஞ்சம்."

மூன்றாவது முறையும் வந்தார். வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் திரும்பவில்லை, ஆனாலும் பார்க்கிறார் என்று தெரிந்தது. போய்விட்டார்.

அவர்களே போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மெயின் அவர்களுடையது, கட்டடம் அவர்களுடையது, முட்டையும் அவர்களுடையது. ஆனால் ஒறம்பரையாக வந்தவன் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியது. அவன் வாயால் சொல்லாமல் போடக்கூடாது என்று காத்திருந்தார்கள். அந்த மரியாதை எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கத்துக்காரன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

விண்மீன் சரிந்து பேனா படுத்தபிறகுதான் எழுந்து போனேன். மின்சாரம் நிறுத்தி ஒன்றேகால் மணி ஆகியிருந்தது. "போட்டுறுங்க" என்று வாசலில் நின்றே சொன்னேன். செங்கோட்டுவேல் மெயினைப் போட்டார். காத்தாடிகள் சுற்ற ஆரம்பித்து, உள்ளிருந்த சூடான காற்று முகத்தில் அடித்தது. பெண்கள் நனைந்த முதுகோடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் சுருட்டிய காகிதம் இருந்தது. காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தேன். நம்ப முடிகிறதா? அவர்களிடம் காட்டி, நன்றி சொல்லலாம் என்று.

பாவாயி அம்மாள் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். "கேளுங்க, சார்."

அதுவரை அவருக்கு நான் சாமி.

ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று.

"எண்ணறவராச்சே. எண்ணுங்க."

குரலை உயர்த்தவில்லை. நான் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அந்த ஈட்டில் பொரிந்தது இரண்டு தட்டுக்குக்கூட வரவில்லை. கொட்டகை போட்டவர்கள் தூரத்து ஊருக்குக் குஞ்சு வாங்கப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன், அதற்கு வழியில்லை என்றார்கள். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

கருவி எடப்பாடிப் பக்கம் ஒரு சோளக்காட்டில் பாரசூட்டோடு இறங்கியிருந்தது. எடுத்துவரச் செங்கோட்டுவேல் முன்பே டிராக்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். "புடிங்க சார், அக்கட்டால தூக்குங்க" என்பதற்கு மேல் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வந்ததை விட வராமல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கட்டுரை வெளிவந்தது. மாசில்லாத பதிவு என்று பாராட்டினார்கள். கடைசியில் உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவனும் நான்தான். பதவி உயர்ந்தது. கதை வகுப்புகளுக்குள் புகுந்தது. நான் இருக்கும்போதே பலமுறை சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் திருத்த வாய் திறந்து, அடுத்தவர் கைதட்டுவதைக் கேட்டு மூடிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது இது: "அந்தச் சுவிட்ச் க்ளிக் என்று விழும்போது பேனாவும் எழுகிறதா என்று பார்த்திருந்தால் போதாதா சார்? ஒருவர் அங்கே நின்று கையைத் தூக்கினால் தெரிந்துவிடுமே. எதையும் நிறுத்த வேண்டியதே இல்லையே?"

போதும் அம்மா. தாராளமாகப் போதும். ஆசிரியர் சொன்னது சரியில்லை, நேரம் இருந்தது. நாலைந்து துடிப்பு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செங்கோட்டுவேல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கியிருப்பார், வண்டி ஜன்னலிலிருந்தே தெரியும். க்ளிக்கை எண்ணியவனே நான். அது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. போன மாதம் உன் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஏன் தோன்றவில்லை என்று இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டார் மாட்டிக்கொண்டால் என் விண்மீன் போகும் என்பதால் கருவியைத் திருப்ப நூறு தடவை யோசித்தேன். மெயினை இழுத்தால் எனக்கு ஒன்றும் போகாது. அந்த வழி உடனே தோன்றியது, கை கூசாமல் ஓடிப்போய்க் கேட்டேன், அத்தோடு யோசனையும் நின்றுவிட்டது. வேறு வழி தேடும் அளவுக்கு அந்த முட்டைகள் எனக்குப் பெரிதாக இல்லை. அவற்றில் ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டவன் நான்.

உங்களிடமும் ஒரு நாள் இப்படி ஒரு சோதனை வரும். சட்டென்று தோன்றுகிற வழி யாருடைய செலவில் நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் செலவில் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். வேறு வழியே இல்லாமல் அரை மணி கேட்டால், பதில் கிடைத்த நிமிடமே எழுந்து போய்ச் சொல்லுங்கள். ஆள் வந்து கேட்கும்வரை உட்காராதீர்கள்.

என் தம்பி மகள் திருச்செங்கோட்டில் இருக்கிறாள். சேலத்திலிருந்து காலைப் பேருந்தில் மல்லசமுத்திரம் வழியாகப் போவேன். அந்தக் கட்டடம் சாலையின் வலது பக்கத்தில் வரும். இப்போது பொரிப்பகமாக இருக்கிறதா, கிடங்காகிவிட்டதா, பாவாயி அம்மாள் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் இடது பக்கத்தில்தான் உட்காருவேன். காலை வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கும். வலது பக்கம் இடம் காலியாக இருக்கிறது, இந்தப் பக்கம் வந்து உட்காருங்க என்று நடத்துநர் சொல்லும்போதெல்லாம், வேண்டாமுங்க, இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.